ஆறாம் பத்தியில் ஒரு வார்த்தை

இசக்கிசெல்வி லீகல் இங்கிலீஷ் தாளில் இரண்டு முறை தோற்றவள். சட்டக் கல்லூரியில் சேர்ந்த முதல் வருஷம் மற்ற பாடங்களெல்லாம் எப்படியோ கரையேறிவிட்டன. இது மட்டும் காலைப் பிடித்து இழுத்தது. அப்பா வள்ளியூர்ப் பக்கத்திலிருந்து திருவனந்தபுரத்துக்கு வேலைக்கு வந்த கொத்தனார். அம்மா தம்பானூரில் ஒரு ஹோட்டல் அடுக்களையில் காய் நறுக்குகிறாள். குடியிருப்பு கரமனையில், ஆற்றை ஒட்டிய ஒரு வாடகை வீட்டில். பத்தாவது வரை தமிழில் படித்தவளுக்கு மலையாளம் தெருவில் வந்தது, ஆங்கிலம் புத்தகத்தில் வந்தது. கல்லூரியில் பேசுவது மலையாளம், எழுதுவது ஆங்கிலம், யோசிப்பது தமிழ் என்று மூன்றையும் ஒன்றாகச் சுமந்துகொண்டு போய்வந்தாள்.

இரண்டாவது தோல்விக்கு முன்னால் நடந்த வகுப்புத் தேர்வில் அவளுடைய விடைத்தாளின் ஓரத்தில் ஆசிரியை சிவப்பு மையால் எழுதியிருந்தார்: 'பள்ளிக்கூடத்துப் பிள்ளை எழுதுகிற ஆங்கிலம்.' செல்வி தாளை மடித்துப் பையில் வைத்தாள். ஆனால் அந்த வரி மடங்கிக் கிடக்கவில்லை. அன்றிலிருந்து அவள் கனமான வார்த்தைகளைத் தேட ஆரம்பித்தாள். தொடங்கினான் என்பதற்குச் சின்ன வார்த்தை இருந்தால் அதை ஒதுக்கிவிட்டுப் பெரிய வார்த்தையைப் போட்டாள். போனான், வந்தான், கேட்டான், விட்டான் எல்லாவற்றுக்கும் தீர்ப்புகளில் வருகிற ராஜ உடை ஒன்றைக் கண்டுபிடித்து மாட்டிவிட்டாள். கூடப் படிக்கும் ஷாலு, "எடீ, நீ எழுதுறத படிச்சா தலப்பாவு வச்ச ஜட்ஜி முன்னாடி நிக்குற மாதிரி இருக்கு" என்று சிரிப்பாள். ஆனால் மூன்றாம் தடவை எழுதியபோது செல்வி தேறிவிட்டாள். அதுவும் நல்ல மார்க்கில். தான் கண்டுபிடித்த வழிதான் சரியான வழி என்று அவளுக்கு நிச்சயமாகிவிட்டது.

மூன்றாம் வருஷம் அவளை வஞ்சியூரில் இருந்த வக்கீல் சுசீலாபாயின் ஆபீசுக்குப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். இலவசச் சட்ட உதவி கேட்டு வருகிறவர்களின் வழக்குகள் பல சுசீலாபாயிடம் வரும். அவருக்கு நேரம் என்பதே கிடையாது. ஒரு கையில் போன், ஒரு கையில் பேனா, வாயில் யாரையாவது திட்டு. தமிழ் பேசும் கட்சிக்காரர்கள் வந்தால் செல்வியைக் கூப்பிட்டு உட்காரவைத்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விடுவார்.

அப்படி வந்தவள்தான் பிரேமா. முப்பது வயதுகூட இருக்காது. தம்பானூர் லாட்ஜ் ஒன்றில் அறைகளைக் கூட்டித் துடைக்கும் வேலை. அவளுடைய புருஷன் விஜய்குமார் டிப்பர் லாரி ஓட்டுகிறவன், வீடு நெய்யாற்றின்கரைக்குப் பக்கம். ஐந்து வயது மகள் தர்ஷினி அவனிடம்தான் இருந்தாள். பிள்ளையைத் தன்னிடம் தரச்சொல்லிக் குடும்ப நீதிமன்றத்தில் பிரேமா மனுப் போட்டிருந்தாள். சாட்சி விசாரணைக்கு முன்னால் அவள் சொல்வதையெல்லாம் ஆங்கிலத்தில் பிரமாண வாக்குமூலமாக எழுதித் தாக்கல் செய்யவேண்டும். செல்வி எதிரே உட்கார்ந்து கேட்டாள்.

"அன்னைக்கு அவரு குடிச்சிட்டு வந்து கைய முறுக்குனாரு. எலும்பு பொட்டிப் போச்சு. பிள்ளைக்கு ரெண்டு நாளாக் காய்ச்சல், உள்ள தூங்கிட்டுக் கெடக்கா. மாமியாதான் சொல்லிச்சு, நீ ஆஸ்பத்திரிக்குப் போ, பிள்ளைய நான் பாத்துக்கிடுதேன்னு. சரின்னு பிள்ளைய அதுட்ட விட்டுட்டு வந்தேன். கட்டுப் போட்டுத் திரும்பிப் போனா கேட்டப் பூட்டிட்டாவ. அன்னையிலேருந்து இன்னைக்கு வரைக்கும் பூட்டுதான்."

செல்வி அதை வீட்டுக்குப் போகும் முன்பே ஆங்கிலத்தில் எழுதி முடித்தாள். ஆறாம் பத்தி அவளுக்கே ரொம்பப் பிடித்திருந்தது. அதில் பிரேமா ஆஸ்பத்திரிக்குப் 'போகவில்லை', அதைவிடக் கம்பீரமாக என்னவோ செய்தாள். பிள்ளையை 'விட்டுவிட்டு' வரவில்லை. ஆங்கிலத் தீர்ப்புகளில் வருகிற மாதிரி 'அபாண்டன்' (abandon) செய்துவிட்டு வந்தாள். சுசீலாபாய் வேகமாகப் பார்த்து, ஒரு காற்புள்ளியைத் திருத்தி, "கொள்ளாம், நல்லா இருக்கு" என்றார். வாக்குமூலத்தைப் பிரேமாவுக்குத் தமிழில் படித்து விளக்கியது இசக்கிசெல்வி என்று கடைசியில் ஒரு வரி சேர்த்தார்கள். செல்வி அந்த இடத்தை 'விட்டுட்டு வந்தேன்' என்றே தமிழில் சொல்ல, பிரேமா கையெழுத்துப் போட்டாள். தாக்கல் ஆயிற்று. ஒரு நகல் எதிர்த்தரப்பு வக்கீலுக்கும் போயிற்று.

கோடை விடுமுறை முடிந்து கோர்ட் திறந்த வாரத்தில் விசாரணை. அதற்கு முந்தின நாள் கல்லூரியில் சொத்துச் சட்ட வகுப்பு. ஆசிரியர் பேச்சுவாக்கில் ஒரு உதாரணம் சொன்னார். "பஸ்ஸில் குடையை மறந்துவிட்டு இறங்கினவன் குடையை அபாண்டன் செய்யவில்லை. பார்த்துக்கொள்ளச் சொல்லிக் கடையில் கொடுத்துவிட்டுப் போனவனும் செய்யவில்லை. இனி இது எனக்கு வேண்டாம் என்று தீர்மானித்துக் குப்பையில் போட்டானே, அவன்தான் செய்தான். வேண்டாம் என்ற எண்ணம் இருக்கவேண்டும். அந்த எண்ணம்தான் அந்த வார்த்தை."

செல்வியின் கை எழுதுவதை நிறுத்திவிட்டது.

"எந்து பற்றி? என்னாச்சு?" என்று ஷாலு குனிந்து கேட்டாள்.

"பிள்ளைய வேண்டாம்னு குப்பையில போட்டேன்னு அந்தக்கா பேர்ல நான் எழுதிக் குடுத்திருக்கேன்."

ஷாலுவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் அவள் சிரிக்கவில்லை. "இப்போ போ. கிளாஸ் நான் பாத்துக்கறேன்" என்றாள்.

பஸ்ஸுக்குக் காத்திருக்கப் பொறுமையில்லாமல் செல்வி வஞ்சியூருக்கு நடந்தே போனாள். வழியெல்லாம் ஆறாம் பத்தி வரிவரியாக மனதில் ஓடியது. பிரேமா சொன்ன தமிழும் ஓடியது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கப் பார்க்க நடை வேகமாயிற்று.

சுசீலாபாய் கேட்டுவிட்டு வாக்குமூலத்தை எடுத்துப் படித்தார். ஒருமுறை படித்தார். மறுபடி படித்தார். முகம் இறுகியது.

"யாரு உன்னிட்ட இந்த வார்த்தை போடச் சொன்னது?"

"நானே போட்டேன் மேடம்."

"நானும் வாசிச்சேனே. என் கண்ணு எங்க போச்சு?" என்று கோப்பை மேஜைமேல் போட்டார். பிறகு குரல் தணிந்தது. "ஒரு காரியம் கேளு. இப்போ திருத்த மனுக் குடுத்தா, இதோ இங்க ஒரு ஓட்டை இருக்குன்னு நாமே அவருக்கு விரல் சூண்டிக் காட்டற மாதிரி. அவருக்கு நூறு கேஸ் உண்டு. ஒருவேளை பாத்திருக்க மாட்டாரு. நாளைக்கு நீ மிண்டாம, வாயத் தொறக்காம இரு. பிரேமாகிட்டயும் மிண்டாத. சாட்சிய பயந்துபோக வைக்கப்படாது."

செல்வி தலையாட்டினாள். அது சரியென்று தோன்றித்தான் ஆட்டினாளா, பயத்தில் ஆட்டினாளா என்று அவளுக்கே தெரியவில்லை.

மறுநாள் காலையில் பிரேமா கோர்ட் வாசலில் நின்றிருந்தாள். தலையைப் படிய வாரி, இஸ்திரி போட்ட சேலை கட்டியிருந்தாள். "ஸ்கூல் தொறக்கதுக்குள்ள பிள்ளை வந்துருவாளாட்டி? லாட்ஜ் பக்கத்துலயே ஒரு ஸ்கூல்ல கேட்டு வச்சிருக்கேன்" என்றாள். செல்வி "பாப்போம்க்கா" என்று மட்டும் சொன்னாள்.

வழக்கைக் கூப்பிட்டதும் பிரேமா கூண்டில் ஏறினாள். எதிர்த்தரப்பு வக்கீல் வயதானவர், நரைத்த மீசை, மெதுவான குரல். மலையாளத்தில் ஒவ்வொரு கேள்வியாகக் கேட்டார். எப்போது கல்யாணம், எங்கே வேலை, என்ன சம்பளம், எங்கே தங்குகிறாய். பிரேமா தனக்குத் தெரிந்த லாட்ஜ் மலையாளத்தில் ஆமாம், இல்லை என்று சமாளித்தாள். கேள்விகள் நீண்டதும் தடுமாறினாள். ஒரு கேள்விக்கு ஆமாம் என்றுவிட்டு உடனே இல்லை என்றாள். நீதிபதி பேனாவை வைத்துவிட்டு, தமிழ் தெரிந்த ஊழியர் இருக்கிறாரா என்று கேட்டார். இருந்த ஒருவரும் அன்று லீவு.

நரைத்த மீசைக்காரர் எழுந்து வாக்குமூலத்தின் கடைசிப் பக்கத்தைப் பார்த்தார். "இந்தச் சத்தியவாங்மூலத்தைத் தமிழில் படித்து விளக்கிய குட்டி இங்கேயே நிற்கிறாள் அல்லவா? அவளே மொழிபெயர்க்கட்டும். எனக்கு ஆட்சேபணை இல்லை" என்று மரியாதையாகச் சொன்னார். அவர் ஆறாம் பத்தியைப் படித்திருக்கிறார் என்று அந்த நிமிஷமே செல்விக்குத் தெரிந்துவிட்டது.

சுசீலாபாய் மறுக்க வாயெடுப்பதற்குள் நீதிபதி சம்மதித்துவிட்டார். செல்வியைக் கூண்டுக்குப் பக்கத்தில் நிறுத்தினார்கள். கேட்டதைக் கூட்டாமல் குறைக்காமல் மொழிபெயர்ப்பேன் என்று சத்தியம் வாங்கினார்கள். அவள் அதை வார்த்தை வார்த்தையாகத் திருப்பிச் சொன்னாள்.

இரண்டு மூன்று சாதாரணக் கேள்விகள் போயின. பிறகு வக்கீல் காகிதத்தை உயர்த்திப் பிடித்தார். ஆறாம் பத்தியை ஆங்கிலத்தில் நிதானமாக, ஒவ்வொரு வார்த்தையும் விழும்படி படித்தார். "அன்றைய தினம் உன் மகளை நீ அபாண்டன் செய்தாய். நீயே சத்தியம் செய்து எழுதிக் கொடுத்திருக்கிறாய். ஆமாவா இல்லையா? ஒரு வார்த்தையில் சொல்லச் சொல்."

பிரேமா செல்வியின் முகத்தைப் பார்த்தாள். கேள்விக்காகக் காத்திருந்தாள்.

செல்வி மனதுக்குள் கேள்வியைத் தமிழில் போட்டுப் பார்த்தாள். 'பிள்ளைய விட்டுட்டு வந்தியளா?' என்று கேட்டால் பிரேமா ஆமாம் என்பாள். அது அவள் வாயிலிருந்து வந்த சொல்தானே! அந்த ஆமாம் ஆங்கிலத்தில் பதிவாகும்போது, பெற்ற பிள்ளையை வேண்டாமென்று உதறிவிட்டேன் என்றாகிவிடும். பிறகு யார் வந்தும் அதை அழிக்க முடியாது. 'பிள்ளைய வேண்டாம்னு கைகழுவிட்டியளா?' என்று கேட்டால் இல்லை என்று அலறுவாள். அதுதான் அந்த வார்த்தைக்குச் சரியான தமிழ். ஆனால் அப்போது வாக்குமூலம் பொய் என்றாகும். பொய்யாக எழுதிக் கையெழுத்துப் போட்டவள் என்பார்கள். இரண்டு பக்கமும் குழி. சுசீலாபாய் கோப்பைப் பார்த்தபடி அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

"மொழிபெயர்க்கலாமே" என்றார் வக்கீல்.

செல்வி நீதிபதியின் பக்கம் திரும்பினாள். ஆங்கிலத்தில் பேச ஆரம்பித்தாள். பழக்கத்தில் ஒரு பெரிய வார்த்தை நாக்குக்கு வந்தது; பாதியில் முறிந்தது. மறுபடி ஆரம்பித்தாள். இந்த முறை குட்டிக் குட்டி வாக்கியங்களாக வந்தன. ஐயா, இந்தக் கேள்வியை என்னால் மொழிபெயர்க்க முடியவில்லை. சாட்சி தமிழில் சொன்ன வார்த்தை வேறு. இந்த ஆங்கில வார்த்தை அவர் சொன்னதில்லை. அதைப் போட்டது நான். அதன் அர்த்தம் அப்போது எனக்குத் தெரியாது.

கோர்ட்டில் ஒரு சலசலப்பு. வக்கீலின் மெதுவான குரல் முதல் தடவையாக உயர்ந்தது. "மொழிபெயர்க்க வந்தவள் சாட்சி சொல்கிறாள்! இதைப் பதிவு செய்யவேண்டும்!"

நீதிபதி செல்வியை உற்றுப் பார்த்தார். "நீ மொழிபெயர்ப்பாளரா, சாட்சியா? இரண்டும் ஒன்றாக இருக்க முடியாது. போய் உட்கார்." விசாரணையை அத்துடன் நிறுத்தினார். அதிகாரபூர்வமான மொழிபெயர்ப்பாளரை வரவழைக்க உத்தரவிட்டார். வாக்குமூலத்தைத் திருத்தவேண்டுமானால் மனுதாரர் முறைப்படி கேட்கலாம், எதிர்த்தரப்பின் ஆட்சேபணையும் பதிவாகிறது என்றார். வழக்கு ஜூன் கடைசிக்குத் தள்ளிப்போயிற்று. அதற்குள் பள்ளிக்கூடம் திறந்துவிடும்.

வராந்தாவில் பிரேமா அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள். "உள்ள என்னட்டி நடந்திச்சு? ஏன் தள்ளிப் போட்டாவ?"

செல்வி சொன்னாள். எதையும் மறைக்கவில்லை. பிரேமாவின் பிடி மெல்லத் தளர்ந்தது.

"நான் அப்படியா சொன்னேன்?"

"நீங்க சொல்லலக்கா. நான்தான் எழுதுனேன்."

"எம்பிள்ளைய வேண்டாம்னு நானே எழுதிக் குடுத்ததா அவரு வீட்டுல பேசிருப்பாவல்லா? அவ காதுல விழுந்திருக்குமே!" பிரேமா அழவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "நீ தமிழ்ப் பிள்ளைன்னுதான உன்ட்ட வாயத் தொறந்தேன்" என்றாள். அப்புறம் படியிறங்கிப் போய்விட்டாள்.

பின்னால் வந்த சுசீலாபாய் நிற்காமலே சொன்னார்: "நாளையிலிருந்து ஆபீசுக்கு வரண்டா. வர வேண்டாம்."

செல்வி போகவில்லை. கல்லூரியிலும் யாரோடும் பேசவில்லை. பயிற்சிச் சான்றிதழ் இல்லாவிட்டால் அந்த வருஷம் என்னவாகும் என்று ஷாலு கேட்டாள். செல்வி அந்தப் பக்கமே யோசிக்கவில்லை. படிய வாரிய அந்தத் தலையும் இஸ்திரிச் சேலையும்தான் எப்போதும் கண்ணில் நின்றன. அம்மாவிடம் மட்டும் சொன்னாள். அம்மா கேட்டுவிட்டு, "உனக்குத் தெரியாததத் தெரியாதுன்னு எழுதுததுக்கு முன்னாடியே கேட்டிருக்கலாம்லா" என்றாள். பிறகு சாப்பாட்டுத் தட்டை நகர்த்தி வைத்தாள்.

ஒரு வாரம் கழித்து சுசீலாபாய் போன் செய்தார். "திருத்த மனுவுக்கு உன்னோட வாக்குமூலம் வேணும். மொழிபெயர்ப்புல பிழை வந்தது எப்படின்னு நீதான் சத்தியம் செய்யணும். வா." கொஞ்சம் நிறுத்தி, "நான் அத சரியா வாசிக்காம தாக்கல் செஞ்சேன்ங்கறதும் அதுல வரும். எழுதிக்கோ" என்றார்.

செல்வி எழுதினாள். ஒரு பக்கம்தான். பிரேமாவும் வந்திருந்தாள், நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து. செல்வி ஒவ்வொரு வரியையும் ஆங்கிலத்தில் படித்து, அதற்குத் தமிழ் சொன்னாள். பிரேமா விடவில்லை. "இதுக்கு வேற அர்த்தம் உண்டா?" என்று ஒவ்வொரு வரிக்கும் கேட்டாள். இரண்டு இடங்களில் செல்வி, "உண்டுக்கா" என்று சொல்லி அடித்துவிட்டு மாற்றி எழுதினாள். சுசீலாபாய் அன்று போனைத் தொடவில்லை.

ஜூன் கடைசியில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. இந்த முறை கூண்டில் ஏறியது இசக்கிசெல்வி. நரைத்த மீசைக்காரர் தயாராக வந்திருந்தார்.

"லீகல் இங்கிலீஷ் தாளில் நீ தோற்றிருக்கிறாய், இல்லையா?"

"ஆமாம்."

"எத்தனை முறை?"

"இரண்டு முறை."

"அப்படியானால் இந்த வார்த்தைதான் தவறு, அந்த வார்த்தைதான் சரி என்று நீ இப்போது சொல்வதை மட்டும் கோர்ட் எப்படி நம்புவது?"

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். செல்வி கூண்டின் கட்டையை இறுகப் பிடித்துக்கொண்டாள். "என்னை நம்பவேண்டாம். அவர் சொன்ன தமிழ் எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கிறது. அதைச் சொல்கிறேன். மொழிபெயர்ப்பாளர் அர்த்தம் சொல்லட்டும்."

நீதிபதி சொல்லச் சொன்னார். அவள் பிரேமாவின் பேச்சிலேயே, காய்ச்சலில் கிடந்த பிள்ளையையும் மாமியார் சொன்னதையும் பூட்டின கேட்டையும் சொன்னாள். அன்று வந்திருந்த மொழிபெயர்ப்பாளர் அதை ஆங்கிலத்தில் சொன்னார். விட்டுட்டு வந்தேன் என்ற இடத்துக்கு அவர் போட்டது ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரிந்த வார்த்தை. பிறகு பிரேமாவைத் தனியாக ஏற்றி அதையே கேட்டார்கள். செல்வியை அந்த நேரம் வெளியே நிறுத்திவிட்டார்கள். கதவுக்கு வெளியே மழைச் சத்தத்தில் உள்ளே நடப்பது ஒன்றும் கேட்கவில்லை. அவளுக்கு அதுதான் எல்லாவற்றிலும் நீளமான நேரமாக இருந்தது. பிரேமா வெளியே வந்ததும் சுசீலாபாய் பின்னாலிருந்து கட்டைவிரலை லேசாக உயர்த்தினார். பிரேமா அவளைத் தாண்டிப் போனாள்.

திருத்தத்தை அனுமதித்தார்கள். ஆனால் பிள்ளை உடனே வரவில்லை. முதலில் சனிக்கிழமைதோறும் கோர்ட் வளாகத்தில் பார்க்கலாம் என்று உத்தரவு. ஓணம் முடிந்து மாமியாரும் சாட்சி சொன்னாள். பிள்ளையைத் தன்னிடம் விட்டுப் போனது உண்மைதான் என்பதை அவளால் மறுக்க முடியவில்லை. வருஷம் முடியும் நேரத்தில் தர்ஷினி தாயிடம் இருக்கவேண்டும், விடுமுறைகளில் தகப்பன் அழைத்துப் போகலாம் என்று தீர்ப்பாயிற்று. பிரேமா கேட்டு வைத்திருந்த பள்ளிக்கூடத்தில் இடம் இல்லை. வேறொன்றில் பாதி வருஷத்தில் சேர்த்தாள். பிள்ளை அங்கே கொஞ்ச நாள் யாரோடும் பேசாமல் உட்கார்ந்திருந்தது என்று செல்வி கேள்விப்பட்டாள். அந்தப் பாதி வருஷத்துக்குத் தான்தான் பொறுப்பு என்பதை அவள் யாரிடமும் குறைத்துச் சொல்லிக்கொள்ளவில்லை.

பயிற்சிச் சான்றிதழ் தாமதமாகக் கிடைத்தது. சுசீலாபாயின் ஆபீசுக்கு அவள் திரும்பப் போனாள். அங்கே அவள் எழுதுவது முன்னைவிட மெதுவாயிற்று. அகராதியை ஒரு வார்த்தைக்கு இரண்டு முறை புரட்டுகிறாள் என்று சுசீலாபாய் திட்டுவார். ஆனால் நிறுத்தச் சொன்னதில்லை.

இப்போது செல்வி ஐந்து வருஷப் படிப்பின் கடைசி வருஷத்தில் இருக்கிறாள். போன மாதம் ஒரு பெண் அவளைத் தேடி வஞ்சியூருக்கு வந்தாள். பெயர் மாடம்மாள், அதே லாட்ஜில் துணி துவைக்கிறவள். தம்பியை ஏதோ அடிதடி வழக்கில் சேர்த்துவிட்டார்களாம். உட்காரச் சொன்னதற்கு நின்றபடியே ஆளை மேலும் கீழும் பார்த்தாள்.

"நீதானா செல்வி? பிரேமாதான் போகச் சொன்னா. நல்லா எழுதுவான்னு சொன்னா. ஆனா எழுதி முடிச்சதும் ஒரு வரி விடாம தமிழ்ல திருப்பிச் சொல்லச் சொல்லிட்டுத்தான் கையெழுத்துப் போடணும்னும் சொன்னா."

"சரியாத்தான் சொல்லியிருக்காவ" என்று செல்வி நாற்காலியை அவள் பக்கம் நகர்த்தினாள். "உக்காருங்கக்கா. தம்பிக்கு என்ன ஆச்சு? மெதுவாச் சொல்லுங்க."